கைம்மாறு வேண்டாதார்க்குக் கைம்மாறு

உதவி மூவகைப்படும். கூலி பெற்றுச் செய்யப்படுவது ஒன்று. இன்று பெற்று நாளை திருப்பிச் செய்யப்படுவது மற்றொன்று. திரும்பப் பெறும் எண்ணமின்றியும், பெறுபவர் இன்னார் என்பதை அறியாதும் செய்யப்படுவது மூன்றாவது. கல்முனையை நடுவாகக் கொண்டு வடக்கே மருதமுனை, தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களில் இம்மூன்றும் நெடுங்காலமாக வழக்கிலுள்ளவை. வட்டை எனப்படும் வயல்வெளியில் வேளாண்மை வெட்டுவோருக்குக் கூலி உண்டு. கலியாண வீட்டில் அயலார் கூடிச் சோறாக்கிக் கொடுப்பது, அவர்கள் வீட்டுக் கலியாணத்தின்போது திரும்பிச் செல்ல வேண்டிய கடனாகும். பள்ளிவாசல் முற்றத்தில் நீர்த்தொட்டி கட்டிவைத்தவரோ, அதில் வுழூச் செய்வோர் யாவரென்று ஒருபோதும் அறியார், அறிய விரும்பியவருமல்லர்.

இம்மூன்றாம் வகை உதவி, இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் எவரும் எதிர்பாராத ஒரு துறையிலே தழைத்து வளர்ந்தது. அதுவே கணினி மென்பொருள் துறை. மென்பொருள் என்பது மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுதி. அக்கட்டளைகளின் மூலத்தை மறைத்து வைத்துப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் விற்பது வணிக நிறுவனங்கள் பலவற்றின் வழக்கம். மூலத்தையும் வெளியிட்டு, அதனைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் யாவருக்கும் உரிமையளிப்பது திறந்த மூல மென்பொருளாளரின் வழக்கம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 1991இல் பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவந்த இயங்குதளக் கருவைப் பற்றி அறிவித்துப் பிறருடைய கருத்துகளை வேண்டினார். லினக்ஸ் எனப் பெயர்பெற்ற அக்கருவே இன்று அன்ட்ரொயிட் கைப்பேசி ஒவ்வொன்றினுள்ளும் இருந்து இயங்குகின்றது. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலும் 2017 நவம்பர் முதல் முழுமையாக அதன் வசமாயிற்று.

மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது என்பதே பெரும்பாலோரின் கண்ணிற்படும் செய்தி. ஆயின் அதனினும் அரிய ஒன்று அதன் அருகிலேயே இருக்கின்றது. எழுதி முடிக்கப்பட்ட மென்பொருளைப் பத்துப்பேர் படியெடுத்தாலும் பத்து இலட்சம் பேர் படியெடுத்தாலும், எழுதியவருக்கு ஒரு குறையும் நேர்வதில்லை. ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகளை ஏற்றுவது போன்ற செயல் அது. பயன்படுத்துவோர் இடர்ப்பட்டு வினவும்போது விடையளிப்பது அத்தகையதன்று. ஒவ்வொரு வினாவும் புதிது; ஒவ்வொரு விடைக்கும் ஒருவருடைய நேரம் புதிதாகச் செலவாகின்றது. பகலெல்லாம் வேறு தொழில் பார்த்துக் களைத்த ஒருவர், இரவில் தம் மனைவி மக்களோடு இருக்கவேண்டிய ஒரு மணி நேரத்தை, முகமறியா ஒருவரின் கணினியில் எழுந்த பழுதைப் புரிந்துகொள்வதற்குக் கொடுக்கின்றார். அந்த ஒரு மணி நேரத்தைப் படியெடுக்க முடியாது. ஆகவே மென்பொருளை ஈவதனினும் மென்பொருளுக்குத் துணைநின்று விடையளிப்பது ஒருவகையிற் பெருங்கொடை எனலாம்.

கூலியின்றிச் செய்யப்படும் பணி தரங்குன்றியதாயிருக்கும் என்னும் ஐயம் இயல்பானது. தொடக்கக் காலத்தில் லினக்ஸைப் பற்றியும் அவ்வையம் எழுந்தது. பழுது நேர்ந்தால் தொலைபேசியில் அழைப்பதற்கு ஒரு நிறுவனமேனும் இல்லையே என வணிகர் தயங்கினர். அத்தயக்கத்துக்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கணினி வார இதழான ‘இன்ஃபோவேர்ல்ட்’, 1997ஆம் ஆண்டுக்கான சிறந்த தொழினுட்ப உதவிக்குரிய விருதை லினக்ஸ் பயனர் சமூகத்துக்கு வழங்கிற்று. சம்பளம் பெறும் உதவியாளரை அமர்த்தியிருந்த நிறுவனங்கள் பலவிருக்க, அலுவலகமும் ஊதியப் பட்டியலும் இல்லாத ஒரு கூட்டம் அப்பரிசைப் பெற்றமை நினைவிற் கொள்ளத்தக்கது. தாம் பட்ட இடரையே பிறரும் படுகின்றார் என அறிந்தவர் கொடுக்கும் விடை, குறிப்பேட்டைப் பார்த்துப் படிக்கும் விடையினும் பயன்மிக்கதாயிருந்தது என்பதே இதன் பொருள்.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் போலத் தோன்றலாம். ஆயினும் திறந்த மூல மென்பொருளின் வரலாற்றில் மிகவும் போற்றப்படும் முயற்சிகளுள் ஒன்று, இக்கரையோர ஊர்களின் துயரத்தை முன்னிட்டே பிறந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறையாகும். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களில் கடலை அடுத்திருந்த குறிச்சிகள் சில நிமிடங்களில் மணல்மேடாயின. தப்பியோர் மேற்கே சம்மாந்துறை முதலிய உள்ளூர்களை நோக்கி ஓடினர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் புகலிடமாயின. கூலியோ கைம்மாறோ கருதாத முதல் உதவி, அயலூர் அடுப்புகளிலிருந்தே வந்தது.

உணவும் உடையும் வரத் தொடங்கிய பின்னர், அவற்றைப் போன்றே இன்றியமையாத மற்றொன்றின் குறை தெரியலாயிற்று. அதுவே தகவல். எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எவ்வூரில் என்ன கொடுக்கின்றது, எவர் காணாமற் போயினர், எவர் வேறொரு முகாமில் உயிரோடிருக்கின்றார் என்பவற்றை ஒருங்கே காட்டும் ஏடு ஒன்றில்லை. ஓரூருக்கு மூன்று பார ஊர்திகள் செல்ல, அடுத்த ஊருக்கு ஒன்றும் செல்லாதிருக்கும் நிலை அதனாலே தோன்றும். பெயர்ப்பதிவில் எழும் இடரோ தனித்தன்மை வாய்ந்தது. முகம்மது, முகமது, முஹம்மத் என ஒரே பெயர் தமிழிலேயே பலவாறு எழுதப்படும். இப்றாஹீமும் இபுறாகீமும் ஒருவரா இருவரா என்பதை எழுத்து மட்டும் சொல்லாது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது வேறுபாடு மேலும் பெருகும். மகனைத் தேடும் தாய்க்கு ஓரெழுத்தின் வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்நிலையிற் கொழும்பில் மென்பொருட் பொறியியலாளர் சிலர் ஒன்றுகூடினர். 2003இல் சஞ்சீவ வீரவரணவின் முன்னெடுப்பால் தோன்றிய லங்கா மென்பொருள் மன்றம் அவர்களுக்கு நிலைக்களமாயிற்று. தனியார் மென்பொருள் நிறுவனங்களிற் பணியாற்றியோரும் பல்கலைக்கழகத்தினரும் தொண்டர்களாக இணைந்து, பேரலை அடித்த சில நாள்களிலேயே எழுதத் தொடங்கினர். சில வாரங்களுள் முதல் வடிவத்தை நிறைவேற்றினர். காணாமற் போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளையும் கொடைகளையும் பொருத்திக் காட்டும் பகுதி என்பன அதில் அமைந்தன. கொழும்பில் இயங்கிய தேசியச் செயற்பாட்டு மையத்தில் அது பயன்பட்டது. ‘சஹன’ என அதற்குப் பெயரிட்டனர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம், ஆறுதல் என்பது பொருள். சகானா என்னும் இராகத்தையும் நினைவூட்டும் அப்பெயர் தமிழ்ச் செவிக்கும் அந்நியமாயில்லை.

அவ்விளைஞருட் பலர் கல்முனைக் கடற்கரையில் ஒருபோதும் கால் வைத்தவராயிருக்கமாட்டார். தாம் அமைத்த ஏட்டில் ஏறப்போகும் பெயர்களின் ஒலிப்பும் அவர்களுட் பலருக்குப் பழக்கமற்றதாகவே இருந்திருக்கும். மொழியாலும் சமயத்தாலும் பிரிந்து, போரினாற் புண்பட்டிருந்த ஒரு நாட்டில், இன்னார்க்கு என்று கேளாது இரவெல்லாம் விழித்திருந்து எழுதப்பட்ட வரிகள் அவை. பின்னர் சமிந்திர டி சில்வாவின் தலைமையில், சுவீடன் நாட்டு அபிவிருத்தி நிறுவனத்தின் நிதியுதவியோடு அம்மென்பொருள் செம்மையாகத் திருப்பி எழுதப்பட்டது. ஆகவே எல்லாம் ஊதியமின்றியே நடந்தது எனல் பொருந்தாது. எனினும் தொடங்கி வைத்த கைகள் கூலி கேளாதவை.

மூலம் திறந்திருந்தமையால் சஹன இலங்கையோடு நின்றுவிடவில்லை. 2005 ஒக்டோபர் 8இல் பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்தின் பின்னர் அங்குச் சென்றது. 2006இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மண்சரிவின்போதும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெய்ட்டியின் பேரழிவின்போதும் பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சமூகநலத் திட்டங்களுக்கெனத் தோற்றுவித்த விருதை 2005இல் விக்கிப்பீடியா பெற்றது. 2006ஆம் ஆண்டுக்குரியதைச் சஹன பெற்றது. 2009இல் அதற்கெனத் தனி அறக்கட்டளை அமைந்தது. கொழும்புத் தொண்டர்கள் தந்ததை ஹெய்ட்டித் தொண்டர்கள் எடுத்துத் திருத்தி மற்றொருவருக்குத் தந்தனர். எனவே இங்குக் கைம்மாறு என்பது கொடுத்தவரிடம் திரும்பிச் சென்ற பொருளன்று. இடர்ப்பட்ட அடுத்தவரை நோக்கி முன்னே சென்ற பொருள்.

இவ்வுண்மையை அன்றாட வாழ்வின் சிறிய அளவிலும் காணலாம். சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ கலியாண அழைப்பிதழ் அச்சடித்து வாழும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இஃது ஒருவருக்கு நேர்ந்தது என்பதிலும் பலருக்கு நேர்வது என்பதே பொருந்தும். விலைகொடுத்து மென்பொருள் வாங்க இயலாமையால் திறந்த மூல மென்பொருளை அவர் பயன்படுத்துகின்றார். விடிந்தால் மணமகள் வீட்டார் அழைப்பிதழுக்கு வருவார்கள். திரையிற் சரியாகத் தோன்றும் தமிழெழுத்துகள் அச்சிலே கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாக விலகி நிற்கின்றன. தாம் அறிந்த ஆங்கிலத்தில் அவர் இடரை எழுதி வினவுகின்றார். போலந்திலோ பிறேசிலிலோ இருக்கும் ஒருவர், தமிழில் ஓரெழுத்தும் அறியாதவர், எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு, மாதிரிப் பக்கம் ஒன்றை அனுப்ப முடியுமா எனப் பொறுமையோடு கேட்கின்றார். நான்காவது மறுமொழியிற் பழுது தீர்கின்றது. சுபஹுத் தொழுகைக்கு எழுந்த தாய் மகனின் மகிழ்ச்சியைக் கண்டு காரணம் வினவி, கதையெல்லாம் கேட்டபின் கேட்கின்றாள்:

“அந்தாளுக்கு என்ன மகன் குடுத்த?”

“ஒண்டும் குடுக்கல்ல உம்மா. அவர் கேக்கவுமில்ல.”

“கேக்காட்டி குடுக்காம உடுறதா?”

தாயின் அவ்வினா எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்னுங் கருத்திலே வளர்ந்த சமூகத்தின் வினா அது. செய்ந்நன்றியறிதலுக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்த மொழியின் வினாவும் அதுவே. கேட்காதவருக்கு எதைக் கொடுப்பது? பணம் அனுப்புவது சிலவிடத்து இயலும்; அதனைத் தவிர்க்கவேண்டியதில்லை. ஆயினும் மணித்தியாலமாகப் பெற்ற கடன் மணித்தியாலமாகவே திரும்புதல் சிறப்பு.

அவ்வாறு திருப்பும் வழிகள் பல. முதலாவது, நன்றாக வினவுதல். இடர் என்ன, எந்தப் பதிப்பிலே தோன்றியது, தாம் செய்து பார்த்தவை எவை என்பவற்றைத் தெளிவாக எழுதுபவர், விடையளிப்போரின் நேரத்தை மதித்தவராகின்றார். இரண்டாவது, தீர்வை எழுதிவைத்தல். “சரியாகிவிட்டது, நன்றி” என்னும் ஒரு வரியோடு அகல்வது, நீர் மொண்டபின் வாளியையும் வீட்டுக்கு எடுத்துச் செல்வது போன்றது. எப்படிச் சரியாயிற்று என்பதையும் எழுதுபவர், பின்வருவோருக்காக வாளியைக் கிணற்றடியிலே வைத்துச் செல்கின்றார். மூன்றாவது, குறை காட்டுதல். தமிழெழுத்து அச்சிற் பிழைப்பதைத் தமிழறிந்தவரே காண முடியும். அவர் சொல்லாவிடின் போலந்துக்காரர் அதனை என்றும் அறியார்.

நான்காவது வழியாகிய மொழிபெயர்ப்பு, இக்கரையோரத்துக்குப் புதியதன்று. காரைதீவிலே 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1930களிற் சென்னையில் நடைபெற்ற அறிவியற் கலைச்சொல்லாக்க முயற்சியில் முதன்மையான பங்கு கொண்டவர். இயற்பியலும் வேதியியலும் தமிழிற் பேசப்படுதற்கு அன்று செய்யப்பட்டதையே, கணினியின் பட்டிகளையும் செய்திகளையும் தமிழாக்கும் தொண்டர்கள் இன்று செய்கின்றனர். 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1996இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கின்றது. கணினியும் தமிழும் ஒருங்கு கற்ற இளைஞர் இப்பிரதேசத்திற் குறைவாயில்லை. ஒரு மென்பொருளின் உதவிக் குறிப்பை எளிய தமிழிலே தருவதற்கு வேண்டியவை, அதனை நன்கு பயன்படுத்தியறிந்த பழக்கமும் சில மாலை நேரங்களுமே.

ஐந்தாவது, அடுத்து வினவுபவருக்கு விடையளித்தல். இதுவே முழுமையான கைம்மாறு. நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் பயன்பாட்டுக்கு வந்த திறந்த மூல நூலக மென்பொருளுக்குக் ‘கோஹா’ என்று பெயர். மாவோரி மொழியிலுள்ள அச்சொல் கொடையைக் குறிக்கும். பெற்றவர் ஒருநாட் கொடுப்பவராகவும் ஆவார் என்னும் எதிர்பார்ப்பு அக்கொடையின் உள்ளேயே பொதிந்திருக்கின்றது. இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் சிலவற்றிலும் அம்மென்பொருள் பணிபுரிகின்றது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணிவரும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கிற்று. அதுவும் விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருளின் மேலேயே எழுப்பப்பட்டது. ஆகவே கணினியையே தொடாத தமிழ் வாசகர் ஒருவரும், அழிந்துபோயிருக்கக்கூடிய பழைய நூலொன்றின் படியை எங்கேனும் காண நேரின், முகமறியா ஒருவருக்குக் கடன்பட்டவரேயாவர்.

இக்கடனை மறந்தால் நேர்வது யாது? இழப்பு கொடுப்பவரோடு நின்றுவிடுவதில்லை என்பதை 2024 மார்ச்சிலே உலகம் கண்டது. கோப்புகளைச் சுருக்குதற்கு லினக்ஸ் கணினிகளிற் பரவலாகப் பயன்படும் ‘எக்ஸ் இசட்’ என்னும் சிறு மென்பொருளை, ஒருவரே ஊதியமின்றி ஆண்டுக்கணக்கிற் பேணி வந்தார். அவர் உடலும் உள்ளமும் சோர்ந்திருந்த காலத்தில், ஏன் தாமதம், ஏன் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கக்கூடாது என்னும் கடுமொழிகள் தொடர்ந்து வந்தன. உதவ முன்வந்தவர்போல் நடித்த ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்று, கணினிகளுட் களவாய் நுழையும் வாயில் ஒன்றை அதனுள் மறைத்து வைத்தார். அன்ட்ரஸ் பிரொயிண்ட் என்னும் பொறியியலாளர், தம் சோதனைக் கணினியில் நுழைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு, காரணத்தைத் தேடிச் சென்றமையால் அது வெளிப்பட்டது. களைத்த ஒருவரைத் தனியே விட்டுக் குறை மட்டும் கூறிய உலகம், நூலிழையில் தப்பிற்று. நன்றி என்பது நாகரிகம் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

பெரு நிறுவனங்கள் தொண்டரின் உழைப்பாற் பொருளீட்டுகையில், கரையோரத்து ஏழை இளைஞன் ஏன் கடன் தீர்க்கவேண்டும் என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. பெற்றதற்கேற்பப் பெரு நிறுவனங்கள் கொடுக்கவேண்டும் என வலியுறுத்தல் தகும். சில கொடுக்கவுஞ் செய்கின்றன. ஆயினும் பிறர் கடன் தீர்க்காமை தன் கடனைத் தள்ளுபடி செய்துவிடாது. மேலும் தொடர்ந்து பெறுபவராகவே இருத்தலில் ஒரு தாழ்வும் உண்டு. பேரலைக்குப் பின் பல மாதங்கள் வரிசையில் நின்று பெற்ற மக்கள் அத்தாழ்வை அறிவார்கள். கொடுக்கும் ஆற்றல் தமக்கும் உண்டெனக் காட்டுதலே அதனின்று மீளும் வழி.

திறந்த மூலம் அதற்கு வாயில் திறந்து வைத்திருக்கின்றது. அங்கு ஊர், குலம், செல்வம், பட்டம் எவையும் முதலிற் கேட்கப்படுவதில்லை. விடை சரியா என்பதே கேட்கப்படுகின்றது. இக்கரையிலே ஆண்டுதோறும் டிசம்பர் 26இல் இறந்தோருக்காகத் துஆக் கேட்கின்றனர். பெயர்களைத் தேடித் தொகுப்பதற்காகக் கொழும்பில் அன்று விழித்திருந்தோர் நினைவுச்சின்னம் எதையும் கேட்கவில்லை. வேற்றூரில், வேற்று மொழியில், ஏதோ ஓர் இடரில் விழித்திருக்கும் ஒருவரின் வினாவுக்குக் கல்முனையிலிருந்து செல்லும் ஒரு தெளிவான விடையே அவர்களுக்கு உரிய கைம்மாறாகும்.